அரசாங்கம் போட்ட ஜாமீன்

ஜாமீன் என்றால் என்னவென்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். என் அப்பா போட்ட ஜாமீனில் கடனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியவன் ஜொகூர் பக்கம் ஓடிவிட்டான். தோட்டத்து ஆபீஸ் கிராணி மாதாமாதம் அப்பாவின் பால்மரக் கூலியில் பிடித்தார். வாங்குகிறவன் ஓடுவான், ஜாமீன் போட்டவன் கட்டுவான். நான் கற்ற பொருளாதாரம் அவ்வளவுதான்.

அதனால், செனாவாங்கில் ஒரு பொரித்த கோழிக் கம்பெனியின் கிளையை எடுக்க சிறுதொழில் கடன் உண்டு, அதற்கு அரசாங்கமே ஜாமீன் என்று பேங்கில் சொன்னதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"விழுந்துட்டா யாருங்க கட்டுறது?" என்றாள் மனைவி. பேக்டரியில் அவளுக்கு நிரந்தர வேலை. கடைக்கு ஆள் வேண்டும், அதை விட்டுவிடு என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம்.

"ஜாமீன் போட்டவன்தான். அரசாங்கம் எங்க ஓடும்? புத்ராஜெயா ஆபீசையெல்லாம் தூக்கிக்கிட்டா ஓடும்?"

சிரித்தாள். மறுநாள் சிரிக்கவில்லை. "இந்த வயசுல விட்டா திரும்ப எடுக்கமாட்டாங்க லா." நான் இன்னும் நாலு ஜோக் அடித்தேன். வேலையை விட்டுவிட்டாள்.

கடன் வாங்கிக் கடையைத் திறந்தோம். பேருக்குத்தான் நான் முதலாளி. கோழி, மாவு, கை துடைக்கிற டிஷ்யூ வரை கம்பெனியிடமே வாங்க வேண்டும், அவர்கள் சொன்ன விலைக்கு. லாபமோ நட்டமோ, விற்றதில் அவர்கள் பங்கு முதலில் போய்விடும். நேரத்துக்குள் விற்காத கோழி குப்பைக்கு. வீட்டுக்குக்கூட எடுத்துப்போகக் கூடாது. தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் கோழி தின்று வளர்ந்த என் மனைவி, குப்பைப் பையைக் கட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எண்ணெய் தெறித்து முழங்கை வரை அவளுக்குத் தழும்பு. நான் கம்பெனி தொப்பியோடு கல்லாவில், திருவிழாக் கடைப் பொம்மை மாதிரி.

பக்கத்துப் பேக்டரி ஒரு ஷிப்ட்டை நிறுத்தியது. கூட்டமும் நின்றது. தவணை தவறியதும் இருவரும் பேங்குக்குப் போனோம். நான் தெம்பாகத்தான் போனேன்.

"இனி ஜாமீன்காரரைப் பாத்துக் கேட்டுக்கம்மா," என்றேன் அதிகாரியிடம்.

அதிகாரி நம் தமிழ்ப் பெண்தான். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த ஜாமீன் பேங்குக்கு. பேங்க் நட்டப்படாம இருக்கிறதுக்கு. கடன் உங்களுதுதான், நீங்கதான் கட்டணும். கையெழுத்து வாங்கறப்பவே சொல்லியிருப்பாங்களே?"

சொல்லியிருப்பார்கள். நான் அப்போது ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மனைவி சட்டைக் கையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள்.

கடையை மூடினோம். கடன் மூடவில்லை. அவள் தன் பழைய பேக்டரிக்கே திரும்பினாள், இந்த முறை ஏஜென்ட் மூலம், நாள்கூலிக்கு. நிரந்தர ஆட்களுக்கு நீலச் சட்டை. ஏஜென்ட் ஆட்களுக்கு ஆரஞ்சு. முதல் நாள் காலை மோட்டாரில் கொண்டுபோய் இறக்கினேன். கேட்டில் காவலுக்கு அதே பழைய நேபாளி கார்டு. எங்கள் கடையில் சாப்பிட்டவர். ஆரஞ்சுச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, அப்ப கடையை யாரு பாத்துக்கிறா?" என்று மலாயில் கேட்டார்.

"அரசாங்கம்," என்றேன் நான். இந்த வாய் சும்மா இருக்காது.

கார்டு சிரித்தார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"சாயங்காலம் வரவேணாம். பஸ்ஸுல வந்துக்கிறேன்."