பையில் இருந்த கனெக்டர்

ஏழு வயதில் நான் ஒரு பொய்யரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அப்படித்தான் வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலத்தில் அப்பாவுக்குத் தொழில் பீங்கான் கனெக்டர். சூளையிலிருந்து வரும் வெள்ளைக் கட்டைகளுக்குள் பித்தளையும் திருகும் பொருத்தி, ஒயர் இணைக்கிற சாமானாக்கி விற்பார். முன்னறைதான் பட்டறை. அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, நான் கைக்குழந்தையாக இருந்தபோதே கடலூர்ப் பக்கம் மீன்பிடிக்கும் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வீட்டில் அவர் பேச்சையே யாரும் எடுப்பதில்லை. எனக்கு அப்படி ஓர் அத்தை இருப்பதே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கறுத்து மெலிந்த ஒருவர் மஞ்சள் பையுடன் வாசலில் வந்து நின்றார். அப்பா குனிந்த தலை நிமிராமல் திருகை முடுக்கினார். அம்மா கதவோரம் ஒதுங்கினார். வந்தவர் அத்தை வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர.

"மீன் புடிக்கிற ஃபைபர் போட்டுக்கு கனெக்டர் வேணும்ண்ணே. பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி. அடியில சேர்ற தண்ணிய எறைக்கிற மோட்டாருக்கு."

அப்பா கையிலிருந்த கனெக்டரைப் பார்த்தே பதில் சொன்னார். "இது ஆவாது. பீங்கானுக்கு ஒண்ணும் வராது. உள்ள இருக்கற பித்தளை, உப்புத் தண்ணி பட்டா பச்சை பூத்துடும். ரப்பர் வாஷர் வெச்ச பிளாஸ்டிக் கனெக்டர் வருது. அமுக்கினா பூட்டிக்கும், தண்ணி எறங்காது. அத வாங்குங்க."

சொந்தச் சரக்கை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரி எங்கள் அப்பா. ஒயர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கும் இடத்துக்கு மேலே எப்படித் தூக்கிக் கட்ட வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். வந்தவரும் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கடைசியில் அப்பா உள்ளே திரும்பி, "டீ போடு" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். ஆறு வருஷத்து வீம்பு கரைகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

எனக்குப் புரிந்ததெல்லாம், விருந்தாளி பையில் பிஸ்கட் இருக்கும் என்பதுதான். திறந்து பார்த்தேன். பிஸ்கட் இல்லை. அப்பா சொன்ன அதே கனெக்டர், ரப்பர் வாஷரோடு, பிரிக்காத பாக்கெட்டில் இருந்தது.

"அப்பா, நீங்க சொன்னது இவருகிட்டயே இருக்குது! பொய் சொல்றாரு!" என்று கத்தினேன்.

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. "வாங்கி வெச்சிக்கிட்டுதான் என்னாண்ட கேக்க வந்தீங்களா? என்னைப் பேச வெச்சி வேடிக்கை பாக்கறீங்களா?"

"இல்ல மச்சான். ஒங்க தங்கச்சி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்குது. நீங்க வான்னு ஒரு வார்த்தை..."

அந்த 'மச்சான்' அப்பாவுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. "கெளம்புங்க" என்றார். வந்தவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதனால் மிச்சத்தையும் சொன்னேன். "பையில வளையலுகூட இருந்துச்சும்மா. கண்ணாடி வளையலு, நெறைய. எனக்குச் சேராது, பெருசு."

அம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "வளைகாப்புக்குங்க," என்றார் அப்பாவிடம். "பொறந்த வூட்டுல போடவேண்டிய வளையல, நமக்குச் செலவு வெக்காம அவரே வாங்கியாந்திருக்காரு. பிரசவத்துக்கு இங்க வுடத்தான் அழைச்சிக்கிட்டு வந்திருக்காரு."

அப்பா செருப்புகூடப் போடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். கடலூர் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த வாரம் நேரிலேயே போய் அழைத்து வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ரோஷம் நாளைத் தள்ளிக்கொண்டே போயிற்று. இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. அத்தையும் இல்லை, பிள்ளையும் இல்லை. அத்தை வீட்டு வாசலை அப்பா முதன்முதலாக மிதித்தது அன்றைக்குத்தான். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா தனியாகத் திரும்பி வந்தபோது நான்தான் வாசலுக்கு ஓடினேன்.

"அந்த ஆளு போயிட்டாராப்பா?"

"போயிட்டாங்க கண்ணு."

"இனிமே வந்தா உள்ள வுடாதீங்கப்பா."

அப்பா என் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.