பொன்னுருக்குத் தட்டில் ஒரு கரோலினாக் காசு

ஸ்ரீஸ்கந்தராசாவுக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. இருந்த ஒரே வியாதி பழைய அமெரிக்கத் தங்கக் காசு. அரசாங்கம் அடித்ததென்றால் திரும்பியும் பார்க்கமாட்டார். அந்தக் காலத்தில் தங்கம் கிண்டிய ஊர்களில், அரச நாணயச்சாலைக்கு வெகு தூரத்தில், நகைக்காரரும் வியாபாரிகளும் தாங்களே அச்சு வெட்டி அடித்த காசுகள்தான் அவருக்கு வேண்டும். மிசிசாகாவில் விமானச் சரக்குக் கொட்டகையில் அவருக்கும் எனக்கும் பதினெட்டு வருடமாக ஒரே ஷிப்ட். பிக்கரிங்கிலிருந்து அவருடைய காரில்தான் போவேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் நெரிசல் பிடித்ததும் காசுக்கதை தொடங்கிவிடும். ஓசிக் காரில் போகிறவன் காதைப் பொத்தவா முடியும்?

இத்தனை கதைக்கும் அவரிடம் இருந்தது ஒரேயொரு காசு. வட கரோலினாவில் ஒரு ஜெர்மன் பொற்கொல்லர் குடும்பம் அடித்த ஐந்து டொலர். ஆறு வருடம் சனி ஞாயிறு பாராமல் ஓவர்டைம் செய்து வாங்கியது. அதில் தலையும் இல்லை, கழுகும் இல்லை. எவ்வளவு எடை, எத்தனை கரட் என்று எழுத்து மட்டும்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுற காசு, சூசை" என்பார்.

வீட்டில் அவர் அப்படிச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்ததை மனைவி புனிதவதி கண்டு கேட்டபோது, "பழைய பவுண்" என்றார். எடையும் கிட்டத்தட்ட ஒரு பவுண்தான். ஒரு காரின் விலை என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவர் சோறு தின்றிருக்க முடியாது. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்.

போன வைகாசியில் மகன் ஜனார்த்தனுக்குக் கல்யாணம் பொருந்தியது. நாள் பார்த்துப் பொன்னுருக்கு வைத்தார்கள். நான் மன்னார் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்; அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டில், நல்ல நேரத்துக்குள், ஒரு பொற்காசைப் பெரியவர்கள் தொட்டு வாழ்த்த, ஆசாரி எல்லோர் முன்னிலையிலும் உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. புகை அலாரத்துக்குப் பயந்து கராஜில் ஏற்பாடு. காரின் குளிர்காலச் சில்லுகளுக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது.

புனிதவதி வெற்றிலைத் தட்டோடு வந்தார். நடுவில் அந்தக் காசு, உறை இல்லாமல்.

"கடையிலை வாங்கின பவுண் இல்லை இது. இவர் இவ்வளவு காலமும் பொத்திப் பொத்தி வைச்சிருந்தது. பிள்ளைக்கெண்டுதானே வைச்சிருப்பார். அந்தப் பிளாஸ்டிக்கை உடைக்கத்தான் சுத்தியல் தேவைப்பட்டுது."

சனம் சிரித்தது. ஸ்ரீயின் முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

தட்டு கைமாறி அவரிடம் வந்தது. தொட்டு வாழ்த்தவேண்டும். நல்ல நேரம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. தட்டில் வைத்த பொன்னைத் திருப்பி எடுத்தால் பிள்ளைக்குச் சரியில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் இத்தனை வருடப் பொய்யைச் சம்பந்தி வீட்டார் முன்னால் அவிழ்க்கவேண்டும்.

ஆசாரி காசைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணை, இதிலை மற்றப் பவுணிலை இருக்கிற ராணியின்ரை தலையைக் காணேல்லை. எழுத்துத்தான் கிடக்கு. உருக்கலாமோ?"

கடவுளே கேட்டமாதிரி ஒரு கேள்வி. கராஜ் முழுக்க அவரைப் பார்த்தது. மகனும் பார்த்தான்.

"ஓம். உருக்குங்கோ."

எழுத்துகள் முதலில் போயின. பிறகு அது ஒரு குண்டுமணி மாதிரி உருண்டு நின்றது. புனிதவதி கண்ணைத் துடைத்தார். ஸ்ரீயும் துடைத்தார். பாசக்காரத் தகப்பன் என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

மருமகள் லக்சிகா கெட்டிக்காரப் பிள்ளை. வங்கியில் வேலை. கல்யாணம் முடிந்ததும் தாலியைக் கழற்றி லொக்கரில் வைத்துவிட்டாள். அவள் வரும்போதெல்லாம் ஸ்ரீயின் கண் அவள் கழுத்துக்கே போகும். "தாலி எங்கை, பிள்ளை?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்றாம் முறை ஜனார்த்தன் அவரைத் தனியே கூட்டிப்போனான்.

"அப்பா, ப்ளீஸ். அவள் என்னத்தைப் போடுறதெண்டு நீங்கள் சொல்லாதேங்கோ. இட்ஸ் நொட் ஓகே."

மறுநாள் காரில் ஸ்ரீ இதை எனக்குச் சொன்னார்.

தைப்பொங்கலுக்கு நானும் போயிருந்தேன். லக்சிகா தாலிக்கொடியை வெளியே எடுத்துக் காட்டினாள். "போட்டிருக்கிறன், மாமா. சந்தோசமா?" குரலில் சந்தோசம் இல்லை.

ஸ்ரீ சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக் குனிந்து, வெகுநேரம் பார்த்தார். அவள் கூச்சத்தோடு ஓரடி பின்வாங்கினாள்.

"வடிவாயிருக்குப் பிள்ளை" என்றார்.

பிறகு குசினிக்குள் வைத்து அவள் எனக்குப் பொங்கல் போட்டுத் தந்தாள். "அங்கிள், மாமா இவ்வளவு பழைய ஆள் எண்டு நான் நினைக்கவே இல்லை. உங்களுக்கெண்டாலும் தெரியுமா, அவருக்கு என்ன பிரச்சினை எண்டு?"

தெரியும். கராஜில் திறக்காத வாயை அங்கேயும் நான் திறக்கவில்லை.