ஈஸ்வரி வரைந்த ஐந்தடி

பிரகதீஸ்வரிக்கு மேசை போட இடம் கொடுத்தது நான்தான். சொல்லிக் காட்டவில்லை. அவளைப் பற்றிப் பேச நீ யார் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே, அதற்காகச் சொல்கிறேன். எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருப்பது என் கடை. ‘சொர்ணவல்லி ஜெராக்ஸ்’ என்று என் பேரிலேயே போர்டு இருக்கும். கடையில் பாதி எனக்கும் என் மெஷினுக்கும், மீதி ஈஸ்வரிக்கும் அவள் கம்ப்யூட்டருக்கும். வீடு கட்டுகிறவர்கள் அவளிடம் பிளான் போட்டு, என்னிடம் நகல் எடுத்து, ரோட்டைத் தாண்டிப் போய் அப்ரூவலுக்குக் கொடுப்பார்கள்.

அவள் புதுக்கோட்டையில் பாலிடெக்னிக் படித்தவள். கல்யாணமாகித் தலை தீபாவளிகூட வரவில்லை, திருமயம் ரோட்டில் லாரி மோதிப் புருஷன் போய்ச் சேர்ந்தான். பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றைக்கு அழுததோடு சரி. அதன் பிறகு அவள் அழுதும் நான் பார்த்ததில்லை, வாய்விட்டுச் சிரித்தும் பார்த்ததில்லை. கூப்பிட்டால் திரும்புவாள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள். வாங்கிக் கொடுக்காவிட்டால் கேட்கமாட்டாள். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப் போகிறதே, அந்த மாதிரி ஆகிவிட்டாள் முழு ஆளும். எனக்கோ பேசாமல் இருந்தால் தொண்டை அடைத்துவிடும். எப்படித்தான் இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தோமோ.

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு பிளான் உண்டு. ஒன்று ஆபீஸ் பிளான், இன்னொன்று கட்டுகிற பிளான். ஆபீஸ் பிளானில் பக்கவாட்டில் சட்டப்படி விட வேண்டிய ஐந்தடி சும்மா கிடக்கும், மாடிப்படி வீட்டுக்குள்ளே இருக்கும். கட்டுகிற பிளானில் அந்தப் படி வெளியே வந்து, ஐந்தடிக்குள் உட்கார்ந்துகொள்ளும். படி இருந்த இடத்தில் வீட்டுக்காரருக்கு ஓர் அறை லாபம். ஆபீசில் பிளானைப் பார்ப்பார்கள், அளவு சரி என்று கையெழுத்துப் போடுவார்கள். கட்டினதை யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏட்டில் சுரைக்காய் இருந்தாக வேண்டும்.

இதில் ஈஸ்வரி கெட்டிக்காரி. வருகிறவர்களிடம் அவள் கேட்பது ஒரே கேள்விதான். “படி உள்ளயா, வெளியவா?” வெளியே என்றால் இரண்டு பிளானும் போட்டுக் கொடுப்பாள். ‘ஈஸ்வரி போட்டா ஒரு ரூம் மிச்சம்’ என்று அரிமளத்திலிருந்துகூட ஆள் வரும். சரியா தப்பா என்று அவள் பேசி நான் கேட்டதில்லை. நானும் அவளிடம் விசாரித்ததில்லை. ஊரோடு ஒத்து வாழ்வதுதானே.

அவளுடைய அப்பா ஆத்மநாதன், டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் விழவில்லை. அவர்கள் வீடு பின்மனை. போக வர ஓரமாக ஒரு தனி வழி உண்டு. முன்னால் ரோட்டு வரைக்கும் அடுத்தவர் காலி மனை. அந்த மனையைப் பார்த்த மூலை ஜன்னலோரம்தான் அவர் கட்டில். அங்கிருந்து பார்த்தால் நேரே பஸ் ஸ்டாப் தெரியும். காலையிலிருந்து ராத்திரி கடைசி பஸ் வரைக்கும் அவருக்கு அதுதான் வேலை. “நிறுத்தத் தெரியாதவன்லாம் டிரைவரு” என்பார். யாராவது பெண்பிள்ளை பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், “ஓடாதத்தா, அடுத்தது பின்னாலயே வருது” என்று ஜன்னலுக்குள்ளிருந்து சொல்வார். அவளுக்கு எங்கே கேட்கப் போகிறது. ஒரு தடவை அந்த மனையில் யாரோ வைக்கோல் லாரியை நிறுத்தி ஜன்னலை மறைத்துவிட்டார்கள். லாரி போகிற வரைக்கும் மனுஷன் சோற்றைத் தொடவில்லை. அந்த ஜன்னல்தான் அவருக்கு உயிர். ஈஸ்வரிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

போன வருஷம் மனைக்காரன் திருமுருகன் சவூதியிலிருந்து லீவில் வந்தான். முன்னால் கடைகள், பின்னாலும் மாடியிலும் வீடு என்று கட்டப் போவதாகச் சொன்னான். கடை வருவதால் ஆபீசில் நன்றாகப் பார்ப்பார்களாம், பிளான் பக்காவாக இருக்க வேண்டுமாம். “ஒங்கள விட்டா யாருக்கா?” என்று நேரே ஈஸ்வரி முன்னால் வந்து உட்கார்ந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். அவனைத் திட்ட எனக்கு ஆசைதான், திட்டுவதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

ஈஸ்வரி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அப்போதே கவனித்தேன். ஐந்தடியை எந்தப் பக்கம் விடுவது என்பது வரைகிறவள் கையில்தானே இருக்கிறது. அப்பாவின் ஜன்னலுக்கு நேராக, பின்னெல்லையிலிருந்து ரோடு வரைக்கும் சந்து மாதிரி வருகிறபடி விட்டாள். ஒரு கோட்டைப் போட்டால் திரும்பிப் பார்க்காதவள், அன்றைக்கு அந்த ஒரு கோட்டை அழிப்பதும் போடுவதுமாகச் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவன் கையில் ஆபீஸ் பிளானை மட்டும் கொடுத்தாள்.

“இதான் கட்டுறதாக்கா?”

“இதான்.”

அவன் தலையாட்டிவிட்டு வாங்கிக்கொண்டு போனான். எனக்குள் ஒரு சந்தோஷம். அடி கள்ளி, உனக்கும் வேண்டும் என்று ஒன்று இருக்கிறதா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் ஆபீசுக்குப் புதிதாக இன்ஜினியர் சூர்யபிரகாஷ் வந்திருந்தார். சின்ன வயசு, கறார் பேர்வழி. டேப்பை எடுத்துக்கொண்டு அவரே மனைக்கு வந்துவிட்டார். எல்லைக்கல்லைப் பார்த்தார், அகலம் நீளம் பிடித்தார். கடைசியில் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்.

“எந்தப் பஸ்ஸுல வந்தீங்க தம்பி?” என்றார் ஆத்மநாதன் உள்ளேயிருந்து.

“பைக்குலங்க ஐயா.”

“அதான பாத்தேன். எறங்குனத நான் பாக்கலயே.”

இன்ஜினியர் சிரித்துவிட்டார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்து, “ஒங்க சுவரு எல்லையிலயே நிக்கிதே மேடம். ஜன்னல் அடுத்தவர் எடத்தப் பாத்துல்ல தெறக்குது” என்றார்.

“அப்பா கட்டுனது சார். அப்ப யாரும் கேக்கல” என்றாள் ஈஸ்வரி.

அவர் டேப்பைச் சுருட்டினார். “அஞ்சடி விட்டுருக்காங்களான்னு பேஸ்மட்டத்துல வந்து பாப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். டேப் பிடித்தார், ஐந்தடி சுத்தமாக இருந்தது. திருமுருகன் அதற்குள் சவூதிக்குத் திரும்பிவிட்டான். கொத்தனார் பெரியண்ணன் பொறுப்பில் சுவர் ஏறியது, கடை வந்தது, மேலே தளமும் போட்டாயிற்று. ஆத்மநாதனுக்கு முன்னைப் போல அகலமாக வானம் கிடையாது. ஆனால் அந்தச் சந்து வழியாக பஸ் ஸ்டாப் அப்படியே தெரிந்தது. “இதுவும் நல்லாத்தான் இருக்கு. பஸ்ஸுக்குள்ளேருந்து பாக்குற மாதிரி” என்றார்.

ஒருநாள் காலையில் அந்த ஐந்தடிச் சந்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்களாம். செப்டிக் டேங்குக்கு என்று நினைத்து ஈஸ்வரி கடைக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு இரண்டு நாளும் நாங்கள் ஒரு பஞ்சாயத்துக் கட்டட வேலையாகத் திருக்கோகர்ணத்துக்கு அலைந்துவிட்டு இருட்டின பிறகுதான் வீடு திரும்பினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் அவளோடு நானும் போனேன். அந்த ஐந்தடியைக் காணோம். ஜன்னலுக்கு முன்னால் அன்றைக்கு எழுப்பின செங்கல் சுவர். அதன் மேல் சாய்வாகப் பலகை அடித்து, கம்பி கட்டி, மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். முகத்தில் ஒரு பெருமை. “ஒங்க டிராயிங்குதான் தங்கச்சி. வீரய்யா வீட்டுக்குப் போட்டுக் குடுத்தீங்கள்ல, அது எங்கிட்டத்தான் இருந்துச்சு. ஆபீஸ் பிளான மட்டும் குடுத்துருக்கீங்க, கட்டுறத குடுக்க மறந்துட்டீங்க போலன்னு திருமுருகன் தம்பிகிட்ட போன்ல கேட்டேன். அதுமாதிரியே போட்டுருங்கன்னுச்சு. இன்ஜினியர் வந்துட்டுப் போகட்டும்னு இருந்தேன். அளவு கச்சிதமா ஒக்காந்துருச்சு.”

நான் அவரைக் கிழிப்பதற்கு வாயைத் திறந்தேன். ஈஸ்வரி என் கையைப் பிடித்தாள். படியை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

“திரும்புற எடத்துல பலகைய இன்னுங் கொஞ்சம் அகலமா அடிங்கண்ணே. வீரய்யா வீட்டுல அது இடிக்குதுன்னு சொன்னாங்க” என்றாள்.

“சரி தங்கச்சி.”

 மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் முன்னால் நிறுத்தினேன். அவர் நியாயமான மனுஷன். “மனு குடுங்க, நோட்டீஸ் விடுறேன்” என்றார். “ஆனா ஒண்ணு மேடம். அவங்களும் பதிலுக்கு ஒங்க ஜன்னல அடைக்கச் சொல்லி மனு குடுப்பாங்க. ரெண்டையும் நான் எடுத்துத்தான் ஆகணும்.”

ஈஸ்வரி எழுந்துவிட்டாள். “வேணாம் சார். படிய இடிக்கணும்னா இந்த ஊருல மொதல்ல நான் போட்ட படியெல்லாத்தையும் இடிக்கணும்.”

நான் விடவில்லை, திருமுருகனுக்கு போன் போட்டேன். “ஊரே அப்புடித்தானக்கா கட்டுது? எனக்கு மட்டும் என்ன தனிச்சட்டமா? மாமா ஜன்னலு அதுல இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலயே. ஈஸ்வரியக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேக்காமயா இருந்துருப்பேன்?” என்றான். போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது பொய் என்று நினைக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. தனக்கென்று ஒன்றைக் கேட்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப் போயிருந்தது.

டீக்கடையில் ஒருவன், “தன் வினை தன்னைச் சுடும்” என்று என் காதுபடச் சொன்னான். “ஒன் வீட்டுப் படி எங்கடா இருக்கு?” என்று கேட்டேன். கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

ஆத்மநாதன் அந்தச் சுவரை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் நான் இட்லி கொண்டுபோனபோது ஈஸ்வரி அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னத்தா, பஸ்ஸெல்லாம் நிறுத்திட்டானுகளா?” என்றார்.

“ஆமாப்பா.”

“நல்லதுதான். ஓடி ஓடி என்னத்தக் கண்டானுக.” பிறகு என்னைப் பார்த்து, “அந்த ஜன்னலச் சாத்திரு சொர்ணம். சும்மா எதுக்குத் தெறந்து கெடக்கு?” என்றார். சாத்தினேன். இட்லியை மறுக்காமல் சாப்பிட்டார். அவர் மறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அடுத்த வாரம் ஆவூரிலிருந்து ஒரு புருஷன் பெஞ்சாதி வந்தார்கள். எங்கள் ஊரில் மனை வாங்கியிருக்கிறார்களாம், பிளான் போட வேண்டுமாம். ஈஸ்வரி அளவையெல்லாம் எழுதிக்கொண்டாள்.

“படி உள்ளயா, வெளியவா?”

“வெளியதாங்க. ஒரு ரூம் மிச்சமாகும்னு சொன்னாங்க” என்றாள் அந்தப் பெண்.

ஈஸ்வரி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். விரல் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

“பக்கத்து வீட்டுல ஜன்னல் எங்கிட்டு இருக்கு?”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “கவனிக்கலீங்களே. அது எதுக்குங்க?” என்றார் புருஷன்.

“சும்மாதான் கேட்டேன்” என்றாள். பிறகு படியை வெளியே போட்டாள்.