ஒரிஜினலில் திறக்கும் கதவு

அந்தக் கோட்டைக் கதவு இன்றைக்கும் என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. பழுப்பு நிறம், குறுக்கே இரும்புப் பட்டைகள், நடுவில் சிங்கமா பூனையா என்று சொல்ல முடியாத ஒரு முகம். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறை மூலையில், 'படிப்புக்கு' என்று அப்பா வாங்கிவைத்த கணினியின் திரையில்தான் அது இருந்தது. கதவுக்கு முன்னால் குதிரையை நிறுத்திவிட்டு, நானும் அக்காவும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, அது திறக்கக் காத்திருப்போம். ஒரு நாளும் திறந்ததில்லை.

விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உலகமே அதைத் திட்டித் தீர்த்துவிட்டது; என் பங்குக்கு நானும் காட்டிக்கொடுக்க வேண்டாம். ஒரு குதிரைவீரன் மருந்துக் குப்பியோடு காடு மலை தாண்டிப் போய், கோட்டைக்குள் நோயாகக் கிடக்கும் ராணியிடம் அதைச் சேர்க்க வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் குதிரை சமதரையிலேயே கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்து, புதைந்தபடியே ஓடும். ஊர்க்காரர்கள் சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வருவார்கள். கிணற்றடியில் நிற்க வேண்டிய கிழவர் கிணற்றுக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, "நல்ல நாள், வீரனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அதுகூட எழுத்தில்தான் தெரியும். பக்கத்து ஊரான காப்பாரில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா பகலில் தூங்குவார் என்பதால் நாங்கள் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் விளையாடினோம். குளம்பொலியை அக்கா நாக்கை மடித்துத் தானே போடுவாள். குதிரை புதையும்போது குளம்பொலியும் மூச்சு முட்டும். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்திருக்கிறேன்.

இதெல்லாம் விளையாட்டின் குற்றம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களிடம் இருந்தது பாசார் மாலாமில் வாங்கிய கள்ளப் பிரதி. வாரா வாரம் எங்கள் தெருவில் கூடும் அந்தச் சாயங்காலச் சந்தையில், கலர் நகல் அட்டை செருகிய சிடிகளை ஒருவர் பரப்பி வைத்திருப்பார். ஓடாத சிடியைக் கொண்டுபோனால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார். "பாஸ், இது ரோசாக் லா, குதிர மண்ணுக்குள்ள போவுது" என்று அக்கா அவரிடம் பழுதை விளக்கினாள். அவர் மாற்றிக் கொடுத்தார். புதிய சிடியிலும் குதிரை புதைந்தது. மறுவாரமும் போய் நின்றபோது, இந்த கேமே அப்படித்தான் என்று அந்த மனிதர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார்.

"யாவாரத்துக்கு சொல்றான், நம்பாத" என்றாள் அக்கா, திரும்பி நடக்கும்போது. "காப்பி அடிக்கும்போது பாதி விட்டுப்போச்சு. ஒரிஜினல்ல தொறக்கும், பாரு."

ஒரிஜினல்ல தொறக்கும். அதற்குப் பிறகு அதுவே எங்கள் வேதவாக்கு ஆகிவிட்டது. கையில் இருப்பதையாவது தேற்றலாமே என்று சிடியில் பற்பசை தேய்த்துக் கழுவினோம். அம்மாவின் பவுடரைப் போட்டுத் துடைத்தோம். சரஸ்வதி பூசைக்குப் பாடப் புத்தகங்களை அடுக்கியபோது, அக்கா தன் கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் சிடியைச் செருகிவிட்டாள். கலைமகளுக்கு முன்னால் கள்ளச் சிடி! அம்மா அதற்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினாள். மறுநாள் புத்தகத்தை எடுத்ததும் எடுக்காததுமாகக் கணினிக்கு ஓடினோம். அன்றைக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், குதிரை ஒரு முறைகூடப் புதையவில்லை. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் கதவு மட்டும் அசையவில்லை.

திறக்காத கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அக்கா உள்ளே இருப்பதைச் சொல்வாள். உள்ளே ஒரு கடல் இருக்கிறதாம். ராணிக்கு இரண்டு வீடாம். ஒன்றில் எந்நேரமும் சத்தம் போட்டுப் பேசலாமாம், யாரும் தூங்கமாட்டார்களாம். அதற்குப் பிறகு நல்ல விளையாட்டுகள், பரிசு வாங்கியவை, எத்தனையோ விளையாடிவிட்டேன். எல்லாம் ஒழுங்காக ஓடின. அந்த அரைகுறையில் கிடைத்த சந்தோஷம் ஒன்றிலும் கிடைக்கவில்லை.

அக்கா கல்யாணமாகி ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போய்விட்டாள். விமான நிலையத்தில் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கடைசியாக என் காதில், "ஒரிஜினல் கெடச்சா சொல்லு பாப்பா" என்றாள். நானும் விடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மதிய இடைவேளைகளில் கோலாலம்பூரின் கணினிக் கடைகளில் ஏறி இறங்கினேன். "அதெல்லாம் இப்ப வராதுக்கா" என்று கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அம்மாவின் கால்வலி, அங்கே குளிர், இங்கே மழை எல்லாம் பேசி முடித்த பின் அக்கா கேட்பாள், "ஒரிஜினல் கெடச்சிச்சா?" இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனை வைப்போம்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே போயிருந்தார். அக்கா வந்தாள், காரியம் முடித்தாள், திரும்பிப் போனாள். இனி அவள் எதற்காக வரவேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். என் கைக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. போன் பேச்சும் சுருங்கிவிட்டது. பேசக் கால்வலி இல்லை. மிச்சமிருந்தது அந்த ஒரு கேள்விதான்.

சென்ற சனிக்கிழமை என் மகன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். உலகத்தின் மட்டமான விளையாட்டுகளை ஒருவர் வரிசைப்படுத்திக் கிழித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை புதைந்த குதிரை ஓடிக்கொண்டிருந்தது. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர்களையும் இது இப்படித்தான் ஏமாற்றியது என்றார் அவர். கதவுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாதாம். அவசரத்தில் செய்யாமலே விட்டுவிட்டார்களாம். ஆதாரத்துக்குச் சுவரைத் தாண்டிக் காட்டினார். வெறும் சாம்பல் நிறம்.

"இத போயி யார்மா வெளையாடுவா?" என்றான் மகன்.

"நான் வெளையாடினேன், உங்க பெரியம்மா வெளையாடினா. இப்ப என்ன?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்?

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுக்க மண்டையைக் குடைந்தது. சொல்லாமல் இருப்பது ஏமாற்று. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேட்க அவளிடம் என்ன இருக்கும்? ஆனாலும் மறுநாள் சொல்லிவிடுவதென்றுதான் போனை எடுத்தேன். அவள் வேலை, என் மகனின் பரீட்சை, இங்கே விடாத மழை. பிறகு வழக்கமான அந்தக் கேள்வி.

"ஒரிஜினல் கெடச்சிச்சா பாப்பா?"

"இன்னும் இல்லக்கா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "கெடச்சா நீ மட்டும் தொறந்து பாத்துடாத" என்றாள். "எனக்கு சொல்லு. லீவு போட்டுட்டு வரேன். சேந்து பாப்போம் லா."

வரேன். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"இல்லன்னு சும்மா சொன்னேன்க்கா" என்றேன். "கெடச்சிருச்சு. நீ வா."