பூஜையில் வைத்த மிதவை வளையம்

போர்ட் கிள்ளான் படகுத்துறைக்கு, தண்ணீரில் விழுந்தவர்களுக்கு வீச நான் வடிவமைத்த மிதவை வளையத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. துருப்பிடிக்காத கொக்கி, ஒரே இழுப்பில் கயிற்றோடு கைக்கு வந்துவிடும் வளையம். பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் உட்கார்ந்து திருட்டு, வெயில், உப்புக் காற்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். ஆயுத பூஜையை யோசிக்கவில்லை.

துறையில் வேலை செய்பவர்கள் அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் துறைத் தூணில் மாட்டியிருந்த வளையத்தைக் காணோம். கிடங்குக்குள், ஸ்பேனர்களுக்கும் படகு எஞ்சினுக்கும் நடுவே, சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாருங்க இதக் கழட்டுனது? யாராச்சும் விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"உசுரக் காப்பாத்துற சாமான் பாஸ், பொட்டு வைக்காம விட முடியுமா? இன்னிக்கு யாரும் வேலைக்கு இறங்க மாட்டோம் லா" என்றார் ஒரு லோரி டிரைவர். வளையத்துக்குப் பொட்டு வைத்த டீக்கடை அக்கா சிரித்தார். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. என் அம்மாவும் என் கால்குலேட்டரை அப்படித்தான் வைப்பார். கோபப்படுவதா, கும்பிடுவதா?

வெளியே தொப்பென்று சத்தம். அக்காவின் வீட்டுக்காரர் படகில் மாவிலை கட்டப் போய் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. ஆட்கள் தூணுக்கு ஓடினார்கள். வெறும் கொக்கிதான் இருந்தது.

"ஐயோ, அது உள்ள பூஜையில இருக்கு!"

கிடங்குக்கு ஓடி வந்தவர்கள் எரியும் கற்பூரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். ஒரு கணம் யார் கையும் நீளவில்லை. அக்காதான் எங்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். குத்துவிளக்கு உருண்டது. மாலையோடு வளையத்தைப் பிடுங்கி, ஓடிப்போய் வீசினார். வீட்டுக்காரர் எப்படியோ பிடித்துக்கொண்டார். எல்லோருமாகக் கயிற்றை இழுத்து அவரைக் கரையில் போட்டோம்.

அவர் தண்ணீரைக் கக்கி இருமியதும் என் கோபம் திரும்பி வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அக்காவிடம் போனேன். அவர் வளையத்தை மடியில் வைத்து, கரைந்த குங்குமத்தை விரலால் தடவியபடி அழுதுகொண்டிருந்தார்.

"பூஜையில வச்சத எடுத்துட்டேனே தம்பி. தப்புதானே?"

எதற்காகத் திட்ட வந்தேன், இவர் எதற்காக அழுகிறார்?

"இல்லக்கா, தப்பே இல்ல."

அவர் நம்பவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"