நான் மாற்றி ஒட்டிய லேபிள்

ஒரே அளவு டப்பா, ஒரே மூடி, உள்ளே ஒரே சாம்பல் நிறம். அந்த இரண்டு அலுமினியத் தூள் டப்பாக்களையும் கண்ணால் பார்த்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றில் மிக நுண்ணிய தூள், மற்றதில் அதைவிடப் பல மடங்கு பெரிய துகள். வெளியே ஒட்டிய லேபிள்தான் அடையாளம். ஆயுதபூசைக்கு முதல் நாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். இரண்டு லேபிளும் உரிந்து வந்துவிட்டன. அந்த ஆய்வுக்கூடத்தின் உதவியாளன் நான். எது எதுவென்று எனக்குத் தெரியாதா என்ற திமிரில் புதிதாக எழுதி ஒட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தூள் ஒரு ஆராய்ச்சி மாணவியுடையது. அவளுக்கு ஊர் எழுமலை. பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்து படிக்க வைத்தார்கள். ராக்கெட்டில் எரிவது போன்ற கலவையில் உலோகத் தூளைச் சேர்த்து, அதன் மேல் லேசரைப் பாய்ச்சினால் எவ்வளவு நேரத்தில் பற்றுகிறது என்று அளப்பது அவள் வேலை. அவள் எடுத்துக்கொண்ட இரண்டு தூளில், சிறிய துகள்தான் சட்டென்று சூடேறி முதலில் பற்ற வேண்டும். பூசைக்குப் பிறகு எடுத்த அளவுகளில் பெரிய துகள் முந்தியது. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே மாதம் இருந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் தாள்களை மேசையில் வீசினார்.

"எழுமலைல அடுப்பு ஊதுற மாதிரி நெனச்சியா? இத வச்சு உனக்குப் பட்டம் வேற!"

லென்ஸைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தேன். லேபிளை நான்தான் மாற்றி ஒட்டியிருக்கிறேன் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. தற்காலிக வேலை, இரண்டு பிள்ளைகள் என்றெல்லாம் காரணம் சொல்லலாம். அது கோழைத்தனம், அவ்வளவுதான்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவளிடம் மட்டும் சொன்னேன்.

"ஏண்ணே, டப்பாவுக்குப் பொட்டு வைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலையா?"

"பேர மட்டும் மாத்தி எழுதிரும்மா. எல்லாம் சரியாயிரும்."

"நீங்க ஒட்டுனத நம்பித்தான் இம்புட்டுப் பேச்சு வாங்குனேன். இப்ப நீங்க சொல்றதையும் நம்பச் சொல்றீகளா? போங்கண்ணே."

மறுநாள் காலையில் இரண்டு தூளையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். மாறித்தான் இருந்தது. அப்போதும் பழைய எண்களைத் தொடவில்லை. முதல் சோதனையிலிருந்து திரும்பச் செய்தாள். விடுமுறையிலும் வந்தாள். என்னையும் வரவைத்தாள். வேலை தவிர என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. நுண்ணிய தூள் முதலில் பற்றியது, ஒவ்வொரு முறையும். கெடுவுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். லேபிள் இடம் மாறியதால் முதல் அளவுகள் கைவிடப்பட்டன என்று அதில் ஒரு வரி இருக்கிறது. யார் மாற்றியது என்று இல்லை. என் வேலை போய்விடும் என்று விட்டிருப்பாள். நான் கேட்டதில்லை.

இப்போது அவள் வேறு மாநிலத்தில் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். நான் இங்கேயே நிரந்தரமாகிவிட்டேன். பேராசிரியர் ஒவ்வொரு வருடமும் புதியவர்களிடம் அவள் கதையைச் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். இந்த வருடமும் ஆரம்பித்தார்.

"முன்னாடி ஒருத்தி லேபிள மாத்தி ஒட்டிட்டு..."

"அவ ஒட்டல சார். ஒட்டுனது நான்."

அவர் என்னையே பார்த்தார். "பழைய கதை, விடுய்யா."

விடவில்லை. அந்தப் புது மாணவர்கள் பக்கம் திரும்பி, ஈரத்துணியிலிருந்து ஆரம்பித்தேன்.