பெட்டியில் வந்த கார்

மாமா வாங்கிய கார் ஓடி வரவில்லை. பார்சல் லாரியில் ஏறி உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்து, அங்கே ஒரு ராத்திரி கிடந்து, மறுநாள் மினி லாரியில் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கடை வாசலில் அது இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. "பாய் வூட்ல கார் வாங்கிக்கிறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் மரப்பெட்டிகளையும் இரும்புக் குழாய்களையும் பார்த்தார்கள். கார் பின்னால் வருகிறது போலிருக்கிறது என்று தெருமுனையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அவர்களோடு நின்று தெருமுனையைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்; வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்கு அந்த ஒரு தம்பிதான். சவுதியில் ஒரு முதலாளி வீட்டில் பல வருஷம் டிரைவராக இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் சங்கராபுரத்தில் பெண் பார்த்து நிக்காஹ் முடித்தார்கள். சொந்த வீடு இல்லாததால் மாமாவும் மாமியும் எங்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார்கள். கல்வராயன் மலைச் சந்தைகளுக்கு மண்வெட்டி, கடப்பாரை, தார்ப்பாய் கொண்டுபோய் விற்கலாம் என்பது மாமாவின் திட்டம். அதற்கு வண்டி வேண்டும். அத்தா, அதாவது என் அப்பா, பழைய வண்டி ஒன்றைப் பார்த்து வாங்கச் சொன்னார்.

"இத்தினி வருஷம் அடுத்தவன் வண்டியதான ஓட்டினேன் மச்சான். பழசு வாங்கினா அதுவும் அடுத்தவன் வண்டிதான்" என்றார் மாமா.

புது வண்டிக்கு வழியில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் ஜீப் மாதிரி ஒரு திறந்த காரைத் துண்டு துண்டாகச் செய்து அனுப்புகிறார்கள், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒரு ஆள் பின்னால் ஓடுகிற பாட்டு முடிவதற்குள் காரைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவான். எங்கள் எல்லோருக்கும் அதைக் காட்டினார். அம்மா மட்டும், "அவன் கைல அழுக்கே ஆவலயேடா" என்றாள்.

அந்தச் சமயம் மாமி தலைப்பிரசவத்துக்காக சங்கராபுரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் புருஷன் வீட்டார் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்துவருவது எங்கள் பக்க வழக்கம். மாமியைக் கூட்டிப்போக அவளுடைய அத்தா ஆட்டோவில் வந்திருந்தார். மாமா அவர் எதிரிலேயே, "திரும்பி வரும்போது ஆட்டோலாம் கிடையாது. எம் புள்ளைய எங் கார்லதான் கூட்டினு வருவேன்" என்று சொன்னார். மாமி புர்காவின் முகத்திரையை இறக்கிக்கொண்டே, "மொதல்ல வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே மாமிக்கு வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. மாமா பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அத்தாவுக்குக் கை பரபரத்தது.

எங்களுடையது ஹார்டுவேர் கடை. சரக்கு வந்தால் அன்றே பிரித்து, ஒரே அளவை ஒரே டப்பாவில் கொட்டி, சாக்கை உதறி மடித்துவிட வேண்டும். இது அத்தாவின் சட்டம். பிரிக்காத சரக்கோடு அவருக்குத் தூக்கம் வராது. மாப்பிள்ளைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவர் பெட்டிகளைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போல்ட்டு, கொஞ்சம் நட்டு, கொஞ்சம் வாஷர். மேலே ஒரு நம்பர். "இன்னா இவன், அளவு தெரியாதவனா கிறானே, எட்டு எம்எம்ம எல்லாப் பையிலயும் போட்டு வச்சிக்கிறான்" என்று அத்தா அலுத்துக்கொண்டார். எல்லாப் பைகளையும் அறுத்துக் கொட்டினோம். அளவு வாரியாகப் பொறுக்கிக் கடை டப்பாக்களில் போட்டோம். அத்தா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மாமா கற்கண்டுப் பொட்டலத்தோடு வந்தார். பெண் குழந்தை. எல்லோர் வாயிலும் கற்கண்டைப் போட்டார். அத்தா அவர் கையைப் பிடித்து டப்பா வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எப்படி?"

மாமா வரிசையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "பையெல்லாம் எங்க மச்சான்?"

"எந்தப் பை?"

"நம்பர் போட்டு இருக்குமே, சின்னச் சின்னதா."

"அதுவா, குப்பைல போட்டாச்சு. வண்டி வந்து அள்ளினு போய்ட்டான்."

மாமா காலிப் பெட்டி மேல் உட்கார்ந்தார். வாயில் இருந்த கற்கண்டைக் கடிக்காமல் அப்படியே வைத்திருந்தார். அவர் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தோம்.

பூட்டுகிற வேலை கொல்லையில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே நடந்தது. ஆங்கிலப் புத்தகம் ஒன்று கூட வந்திருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பது நான். பொருள் கண்டுபிடிப்பது சவுதி ஆங்கிலம் தெரிந்த மாமா. பக்கத்துக்குப் பக்கம் முதல் வரி ஒன்றுதான்: இன்ன நம்பர் பையைப் பிரி.

"மச்சான், பதினொண்ணாம் நம்பர் பையில இன்னா இருந்துச்சு?" என்று மாமா கொல்லையிலிருந்து கத்துவார்.

"பை கேக்காத மாப்ளே, சைஸ் கேளு" என்று அத்தா கல்லாவிலிருந்து கத்துவார். "எட்டா, பத்தா?"

"புஸ்தகத்துல சைஸ் போடல."

"அப்ப அது இன்னா புஸ்தகம்?"

எட்டு எம்எம்மிலேயே நீளம் வேறு வேறு. நீளமானதைப் போட்டால் மறுபக்கம் நீட்டிக்கொண்டு எதையாவது இடித்தது. குட்டையானதைப் போட்டால் நட்டு பிடிக்கவில்லை. காலையில் பூட்டியதை மாமா சாயங்காலம் கழற்றினார். ஒருநாள் ஓட்டை ஒன்றோடு ஒன்று ஒத்துவராமல், சட்டத்தை மல்லாத்திப் போட்டு, குப்புறப் போட்டு, கடைசியில் அவரே அதற்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டார்.

நடுவில் சில தடி போல்ட்டுகள் காணாமல் போயின. மாமா டப்பாவைக் கவிழ்த்துத் தேடினார். அத்தா காதைச் சொறிந்தார்.

"அது ஒரு ஆள் வந்து கேட்டாரு மாப்ளே. அளவு கரெக்டா இருந்துச்சி. கடைல கேட்டு வந்தவர இல்லன்னு சொல்லி அனுப்பறதா?"

வாங்கியவர் சங்கராபுரம் ரோட்டில் கரும்பு போட்டிருந்த ஒரு விவசாயி. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் சேற்றில் நின்ற பவர் டில்லரைக் காட்டினார்.

"பூட்டி ஓட்டிக்கினு கிறேன் தம்பி. இப்ப கழட்டுன்னா?"

"அது எங் காரோட போல்ட்டுண்ணா."

"உங் கார் எங்க?"

மாமா ஊர்ப் பக்கம் கையைக் காட்டினார். "போல்ட்டு இங்க கீது, கார் எங்கயோ கீது" என்று அந்த ஆள் பக்கத்து வயல்காரரிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு மனசு இரங்கி எனக்கு ஒரு கரும்பு ஒடித்துக் கொடுத்தார். திரும்பி வரும்போது அதை நான் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நாற்பது வந்தது. கார் நான்கு சக்கரத்தில் நின்றது, அவ்வளவுதான். சங்கராபுரத்திலிருந்து போன் வந்தது. ஆட்டோவிலோ பஸ்ஸிலோ வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள். மாமா ஒரே பிடியாக இருந்தார்.

"சொன்ன வாய் சொன்ன வாய்தான். கார் இல்லாம அந்த வாசல்ல எப்படிக்கா போயி நிப்பேன்?"

"காலாலதான் நிப்பாங்க" என்றாள் அம்மா. "அவ இன்னா காருக்கா காத்துக்கினு கிறா? நீ ஒரு தபா போய் புள்ளைய பாத்துட்டாவது வா."

"பாத்துட்டு விட்டுட்டு வர முடியாது."

பிள்ளையை ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று மாமா பார்த்ததோடு சரி. அம்மாதான் வாரம் ஒருமுறை பஸ் ஏறிப் போய் வந்தாள். முதலில் நிறையச் செய்தி கொண்டுவந்தாள். குழந்தை சிரிக்கிறது, விரலைப் பிடிக்கிறது என்றெல்லாம் சொன்னாள். பிறகு செய்தி கம்மியானது. மாமா போன் செய்தால் குழந்தை தூங்குகிறது என்று மாமியின் அம்மா சொன்னார். இந்தக் குழந்தை இவ்வளவு தூங்குகிறதே, உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று நான் கவலைப்பட்டேன். பக்ரீதும் வந்து போனது. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா திரும்பி வந்து, "அவ இப்ப ஒண்ணுமே கேக்கறதில்லடா" என்றாள். கேட்காவிட்டால் நல்லதுதானே என்று எனக்குப் பட்டது. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

எஞ்சின் முதலில் உயிர் பெற்றபோது தார்ப்பாய் கிழிகிற மாதிரி சத்தம் வந்தது. மாமா ஏறி உட்கார்ந்து, கொல்லையில் ஒரு சுற்று வர ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். கார் வலது பக்கம் போய் அம்மாவின் துணி துவைக்கிற கல்லில் முட்டிக்கொண்டது. வலது பக்கம் ஒடித்தார். இடது பக்கம் போய் முருங்கை மரத்தில் உரசியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்து சக்கரத்தைத் திருப்புகிற பல் சட்டத்தைத் தலைகீழாகப் பூட்டியிருந்தோம்.

"உம் மாதிரியே கீது. சொன்னதுக்கு எதிரா போவுது" என்றாள் அம்மா.

கழற்றி மறுபடி பூட்டினோம். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன டப்பா நிறைய நட்டும் வாஷரும் மிஞ்சியிருந்தன. "சரக்கு மிஞ்சினா லாபம்தான் மாப்ளே" என்று அத்தா ஆறுதல் சொன்னார். மாமா ஒவ்வொரு நட்டாக எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து தேடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கராபுரம் கிளம்பினோம். காருக்குப் பெயின்ட் கிடையாது, துரு பிடிக்காமல் இருக்க அடித்த காவி நிறப் பூச்சு மட்டும்தான். நம்பரும் கிடையாது. வீட்டில் பூட்டிய வண்டிக்கு நம்பர் வாங்குவது பூட்டுவதைவிடப் பெரிய வேலை என்பது பின்னால்தான் தெரிந்தது. கடைசி வரைக்கும் கிடைக்கவில்லை. கல்வராயன் மலைமேல் ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குப் போய், அங்கேயே மூட்டை சுமந்து அந்தக் கார் காலத்தைக் கழித்தது. எங்கள் கடையும் சில வருஷத்தில் நொடித்தது. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, திருப்பூர், ஓசூர், பெங்களூர் என்று வேலை கிடைத்த இடத்திலெல்லாம் கிடந்துவிட்டேன். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? முன் சீட்டில் மாமா புதுத் துண்டு ஒன்றை மடித்து விரித்திருந்தார். அது மாமிக்கு. அம்மாவும் நானும் பின்னால் பலகையில் உட்கார்ந்தோம்.

மாமி வீட்டில் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். டீ கொடுத்தார்கள். மாமியின் அத்தா காரைச் சுற்றி வந்து, "பரவால்ல மாப்ளே, நல்லாவே பண்ணிக்கிறீங்க" என்றார். ஒருவரும் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. மாமி புர்கா போட்டு, பையைத் தோளில் மாட்டி, குழந்தையை வெள்ளைத் துணியால் முகம் வரை மூடித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மாமா ஓடிப்போய் முன் சீட்டுப் பக்கம் நின்றார்.

மாமி காரைத் தாண்டி நடந்தாள்.

"இன்னாம்மா, எங்க போற?" என்று அம்மா பின்னாலேயே போனாள்.

"வூட்டுக்குத்தான்க்கா. பஸ்ஸுல வரேன். நீங்களும் வாங்க."

"இவ்ளோ இடம் கீதே" என்றார் மாமா. முன் சீட்டுத் துண்டைக் கையால் நீவிக் காட்டினார்.

"இருக்கட்டும். நீங்க பின்னாடி வாங்க."

அம்மா மாமாவைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், கடைசியில் மாமியோடு பஸ் ஏறிவிட்டாள். நான் மாமாவோடு காரில் தங்கினேன். முன் சீட்டு காலியாக இருந்தும் என்னை அங்கே உட்காரச் சொல்லவில்லை. நான் பின் பலகையிலேயே இருந்து யோசித்துக்கொண்டு வந்தேன். எண்ணெய் நாற்றமாக இருக்குமா? காவி நிறம் பிடிக்கவில்லையா? முருங்கை மரத்தில் உரசியதை அம்மா சொல்லியிருப்பாளா? எதுவும் பொருந்தவில்லை. பஸ்ஸில் கூட்டம் நெரிந்தது. மாமி கைப்பிள்ளையோடு நின்றுகொண்டே போவது பஸ்ஸின் பின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

மாமா பஸ்ஸை முந்தவில்லை. அது நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, அது நகர்ந்ததும் நகர்ந்தார். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யோவ், வழிதான் கீதே, போய்யா" என்று கத்தினார். மாமா கையை ஆட்டி, நீங்க போங்க என்று சைகை காட்டினார். வலது பக்கம் தூரத்தில் கல்வராயன் மலை எங்களோடு கூடவே வந்தது.

பாதி வழியில் ஒரு நிறுத்தத்தில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. கடைசி சீட்டில் மாமிக்கு இடம் கிடைத்தது. உட்கார்ந்தவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. பஸ் கிளம்பப் போகிற நேரத்தில் குழந்தையின் முகத்துணியை விலக்கி, அதைத் தோளுக்கு மேலே தூக்கிக் கண்ணாடியோரம் பிடித்தாள். அவள் முதுகும் பிள்ளையின் முகமும் தெரிந்தன. தலை நிறைய முடி. உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு எங்களையே பார்த்தது.

மாமாவின் கால் எதை மிதித்ததோ, எஞ்சின் உதறிக்கொண்டு நின்றுவிட்டது. பஸ் புறப்பட்டது. மாமா சாவியைத் திருப்பவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான்.

"மாமா, பஸ் போவுது" என்றேன்.

"போவட்டும் பாப்பா. நம்ம வூட்டுக்குத்தான் போவுது" என்றார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எண்ணெய்க் கறை இன்னும் அதிகமானது.

வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாகக் கடைக்கு ஓடி, மாமி பஸ்ஸிலிருந்தே குழந்தைக்கு நம் காரைக் காட்டினாள் என்று அத்தாவிடம் சொன்னேன். அத்தா ஆமாம் என்றார். அடுத்து யார் வந்தாலும் அதையே சொன்னேன். எல்லோரும் ஆமாம் என்றார்கள்; யாரை யாருக்குக் காட்டினாள் என்று ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.